ராஜாவுக்காக ஜெபித்தவர்களும் ராஜாவை மறுத்தவர்களும்: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நாள் வேன் பயணம்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் ஒரு வேன் பயணம் நடத்திவருகிறார். காலை ஆறரைக்கு ஊசிக்கோபுரத்தின் பக்கத்தில் ஏற வேண்டும். கயத்தாறு, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், மணியாச்சி என்று சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். தலைக்கு 900 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். விளம்பரமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லித்தான் போகிறார்கள். அவரை எல்லோரும் சார்வாள் என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு பொருள்தான். இங்கிலாந்தின் ராஜாவையும் ராணியையும் நம் திருநெல்வேலிச் சீமை மக்கள் என்னவாகப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் மதத்துக்கு எவ்வளவு பங்கு, தேசத்துக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அது. கேட்டதுமே போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. காரணம் என் சொந்தக் காரணம். நான் சாயர்புரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வேலை பார்த்த காலமெல்லாம், ஆகஸ்டு 15 வந்தால் யாராவது ஒருவர் விளையாட்டாகக் கேட்பார், "உங்கள் ஆட்கள் வெள்ளைக்காரன் பக்கம்தானே இருந்தார்கள்?" என்று. கேட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வி உறுத்தும். பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு விவரமும் தெரியாது. பதில் தெரிந்துகொள்ளவே தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு இந்த வேனில் ஏறினேன்.

முதல் நிறுத்தம் ஏறிய இடமேதான். 1826-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய தூய திரித்துவ ஆலயத்தின் வாசலில் நின்றுகொண்டு சார்வாள் தம் துணிப்பையிலிருந்து ஒரு பழைய ஜெபப்புத்தகத்தை எடுத்தார். உபதேசியாராக இருந்த அவருடைய தாத்தா கையாண்டது. அட்டை போய் வேறு அட்டை போட்டிருக்கிறார்கள், ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. ராணிக்காக ஜெபிக்கும் பக்கத்தைத் திறந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். அச்சில் விக்டோரியா என்று இருக்கிறது. அதன்மேல் மையால் கோடு போட்டு எட்வர்டு என்று எழுதியிருக்கிறார்கள். அதையும் அடித்து ஜார்ஜ். 1936-இல் எட்டாம் எட்வர்டு வந்தபோது, இவர் எத்தனை நாளைக்கு என்று நினைத்தாரோ என்னவோ, உபதேசியார் பென்சிலால் மட்டும் எழுதியிருக்கிறார். அந்த வருடம் முடிவதற்குள் அவர் பட்டம் துறந்துவிட, பென்சில் எழுத்தை அழித்துவிட்டு மறுபடியும் ஜார்ஜ். ராணி என்று வந்த இடங்களையெல்லாம் ராஜா என்று திருத்தி, ஒரு சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சீட்டின் பசை வறண்டு மஞ்சளாக உதிர்கிறது. நான் விரலை வைக்கப் பயந்தேன்.

இந்த ஒரு பக்கத்துக்காகவே 900 ரூபாய் கொடுக்கலாம்.

சார்வாள் அந்த இடத்திலேயே சொன்ன விளக்கம் தெளிவாக இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு நாட்டின் அரசரே தலைமை ஆளுநர். எட்டாம் ஹென்றி 1534-இல் போப்பை விட்டுப் பிரிந்தபோது தொடங்கி, முதலாம் எலிசபெத் காலத்தில் உறுதிப்பட்ட ஏற்பாடு இது. ஆகவே அந்தச் சபையின் ஜெபப்புத்தகம் எந்த ஊருக்குப் போனாலும் ராஜாவுக்கான ஜெபமும் கூடவே போயிற்று. சாயர்புரத்திலும் நாசரேத்திலும் முதலூரிலும் பனையேறிவிட்டு வந்து கோவிலில் முழந்தாளிட்டவர்கள், தாங்கள் ஒருநாளும் பார்க்காத ஒரு ராணிக்காக ஞாயிறுதோறும் ஜெபித்தார்கள். "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்று பேதுருவின் நிருபத்திலேயே இருக்கிறது. ரோமப் பேரரசன் கிறிஸ்தவர்களை வதைத்துக்கொண்டிருந்த காலத்துச் சபைகளும் அதிகாரிகளுக்காக ஜெபித்தன. ஜெபம் வேறு, ஜால்ரா வேறு. இத்தனை வருடமாக எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது இதுதான்.

ஆனால் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள் என்றும் அவர் விடவில்லை. அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. ரேனியஸே ஜெர்மானியர், லுத்தரன். இங்கிலாந்துத் திருச்சபையின் முறைமைகளை வெளிப்படையாகக் குறை சொல்லி எழுதினார். 1835-இல் அவரை அனுப்பிய மிஷனரி சங்கமே அவரை நீக்கியது. நம் ஊர்ச் சபைகள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி அவர் பின்னாலேயே போயிற்று. 1838-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பிளவு நீடித்தது. பிறகு 1857-இல் நாசரேத் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் ஐரோப்பிய மிஷனரிகளின் கையை உதறிவிட்டு, ஏசுவை விடாமலே தனிச்சபை கண்டார். வடக்கே சிப்பாய்கள் எழுந்த அதே வருடம். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1910-இல் எடின்பரோ மாநாட்டு மேடையில் நின்று, மிஷனரிகளிடம் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு வருடம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவரும் அவர்தான். ராஜாவின் சபைக்குள் இருந்துகொண்டே சமமாக நடத்து என்று கேட்ட குரல் அது. அலுவலகத்தில் கேள்வி கேட்டவர்களில் யாருக்கும் இந்தப் பெயர்கள் தெரிந்திருக்காது. எனக்கே பாதி தெரியாது.

பாளையங்கோட்டையை விட்டுப் புறப்படுமுன், 1911-இல் வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்ற கலெக்டர் ஆஷின் கல்லறையைக் காட்டினார். ஐந்தே நிமிடம், அதுவும் அவசரம் அவசரமாக. ஆஷ் அயர்லாந்துக்காரர் என்பதை அங்கேதான் முதல்முறையாகக் கேட்டேன். அவர் பிறந்த நாட்டிலும் கத்தோலிக்கப் பெரும்பான்மை லண்டனிடம் தன்னாட்சி கேட்டுப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே புராட்டஸ்டன்டு என்றால் ராஜா பக்கம், கத்தோலிக்கர் என்றால் எதிர்ப்பக்கம் என்று ஏறக்குறைய மதமே தேசமாகப் பிரிந்து கிடந்தது. அவ்வளவு பெரிய விஷயத்தைக் கல்லறையின் முன்னால் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டாமா? டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். முதல் குறை இது.

கயத்தாறில் கட்டபொம்மன் மணிமண்டபம். 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட ஊர். இங்கே சார்வாள் ஒரு கணக்கைத் தீர்த்துவைத்தார். கட்டபொம்மன் மறுத்தது லண்டன் ராஜாவை அல்ல, கும்பினி என்ற கிழக்கிந்தியக் கம்பெனியை. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து வரி வசூலிக்கும் உரிமையை வாங்கிக்கொண்ட ஒரு வியாபாரக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் கிஸ்தி கேட்டார், மேஜர் பானர்மேன் தூக்கிலிட்டார். அப்போது இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுகொண்டிருந்தார், ஆனால் இந்தச் சீமை அவர் கைக்கு நேராக வந்திருக்கவில்லை. கிரீடம் நேரடியாக ஆளத் தொடங்கியது 1858-இல்தான். அந்த வருடம் நவம்பர் 1 அன்று கானிங் அலகாபாத்தில் விக்டோரியாவின் பிரகடனத்தை வாசித்தார். கிறிஸ்தவ சத்தியத்தில் தமக்கு உறுதி உண்டு, ஆனால் தம் நம்பிக்கையைக் குடிகள்மேல் சுமத்தும் உரிமையோ விருப்பமோ தமக்கு இல்லை என்று ராணி அதில் சொன்னார். இந்த ஒரு வாக்கியம்தான் சைவர்களையும் வைணவர்களையும் முஸ்லிம்களையும் பல காலம் ராணியின்மேல் நம்பிக்கை வைக்க வைத்தது என்பது சார்வாளின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. எங்கள் தெருவில் நெல்லையப்பர் தேர் என்றால் வடத்தைத் தொடாமல் வீடு திரும்பாத ஒரு ஆச்சி இருந்தார். அவர் கழுத்துக் காசுமாலை முழுக்க ராணி தலை.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் மணிமண்டபமும். இங்கே நேரம் போதவில்லை. அரண்மனையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கும்பினிக்குக் கட்டபொம்மனுக்கு எதிராகத் துணைநின்ற பாளையம் எட்டயபுரம். அந்த ஊரில்தான் 1882-இல் பாரதி பிறந்தார் என்பதைச் சொன்னதும் வேனில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதைவிட அவர்களை அசைத்தது வேறொன்று. 1906 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது, பரத கண்டத்தாய் அவருக்கு நல்வரவு கூறுவதாகப் பாரதி ஒரு கவிதை எழுதிச் சுதேசமித்திரனில் வெளியிட்டார். அந்த இளவரசர்தான் பின்னால் ஐந்தாம் ஜார்ஜ். அதே வருடம் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையில் பாரதி எழுதியதெல்லாம் அதற்கு நேர்மாறு. 1908-இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போக வேண்டியதாயிற்று. "பாரதியே வரவேற்றிருக்கிறாரா?" என்று ஒரு பெண் நம்பாமல் கேட்டாள். சார்வாள் மழுப்பவில்லை. ராஜா நல்லவர், அதிகாரிகள்தான் கெட்டவர்கள் என்று அந்தக் காலத்தில் பெரும்பாலோர் நம்பினார்கள், அந்த நம்பிக்கை உடைந்த பிறகு பிறந்ததுதான் சுதேசியம் என்றார்.

சாப்பாடு பற்றி ஒரு வரி. சார்வாள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம், துவையல், கூழ்வற்றல். நன்றாக இருந்தது, போதுமான அளவும் இருந்தது.

பாஞ்சாலங்குறிச்சியில் எல்லோரும் 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இவர் ஜக்கம்மா கோவிலில் கும்பிட வேண்டியவர்கள் கும்பிடட்டும் என்று காத்திருந்துவிட்டு, அங்கே போரில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளுக்கும் கூட்டிப்போகிறார். கோட்டையை இடித்து உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்லும் வழக்கையும் வழக்கு என்றே சொன்னார். கேட்டதையெல்லாம் சரித்திரமாக்கும் வழிகாட்டிகளைப் பார்த்துச் சலித்தவள் நான், இந்த நேர்மை எனக்குப் பெரிய விஷயம்.

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டில் நூலகம் இருக்கிறது. அங்கே உட்கார வைத்து, அவர்மேல் போட்ட வழக்கின் சட்டப்பிரிவை எளிய தமிழில் சொன்னார். மாட்சிமை தங்கிய மன்னர்மேல் அல்லது சட்டப்படி அமைந்த அரசின்மேல் மக்களுக்கு வெறுப்பு உண்டாக்கினால் குற்றம் என்று சொன்னதுதான் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ. ராஜாவை நேசிக்காமல் இருப்பதையே குற்றமாக்கிய பிரிவு. இதை வைத்துத்தான் 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். வ.உ.சி. ஆழ்ந்த சைவர். ஆனால் அவர் ராஜாவோடு மோதியது கப்பலில், மதத்தில் அல்ல. அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனியில் பெரும் பங்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். ஒரு முஸ்லிம் வணிகரின் பணமும் ஒரு சைவப் பிள்ளையின் துணிவும் சேர்ந்து ராஜாவின் கொடி பறந்த கடலில் கப்பல் விட்டன. இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை.

மணியாச்சிதான் பயணத்தின் உச்சம். 1911 ஜூன் 17. ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போகும் வழியில், தூத்துக்குடியிலிருந்து வரும் ரயிலுக்காகப் பெட்டியில் காத்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் உள்ளே ஏறிச் சுட்டுவிட்டு, பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். ஐந்து நாள் கழித்து ஜூன் 22 அன்று லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் அந்த முடிசூட்டைப் பற்றித்தான் பேசுகிறது. ராமனும் கிருஷ்ணனும் சிவாஜியும் குரு கோவிந்தரும் ஆண்ட நாட்டில், பசுவின் மாமிசம் தின்னும் ஒரு மிலேச்ச ராஜாவுக்கு முடிசூட்டுவதா என்பது அதன் கேள்வி. அவர் இந்த மண்ணில் கால்வைத்தால் கொல்வதற்கு மூவாயிரம் பேர் சபதம் எடுத்திருப்பதாகவும் சொல்கிறது.

வேனில் செங்கோட்டைப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். கடிதத்தின் சாரத்தைச் சார்வாள் சொல்லி முடித்ததும், எழுந்து நின்று கைகூப்பினார். எனக்கு அப்படிச் செய்ய முடியவில்லை. "உயிரைக் கொடுத்தவரை நானும் மதிக்கிறேன், ஐயா. ஆனால் அந்தக் கடிதம் ராஜாவை மறுக்கச் சொல்லும் காரணத்தில், இந்தச் சீமையில் பாதிப் பேர் அடிபடுகிறார்கள். மாட்டுக்கறி தின்கிறவர்கள் இங்கே ராஜா மட்டுமல்ல" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அம்மா, அந்தப் பையன் 25 வயதில் எழுதியது. அவனுக்குத் தெரிந்த பாஷை அதுதான். அடிமைத்தனம் பொறுக்காத ரத்தத்தைப் பாருங்கள், வார்த்தையை விட்டுவிடுங்கள்" என்றார். வார்த்தையை எப்படி விடுவது என்று நான் திருப்பிக் கேட்டேன். வ.உ.சி. அதே ராஜாவை எதிர்த்தார், யாரையும் இழிவுபடுத்தாமல் எதிர்த்தார், ஒரு மணி நேரம் முன்புதானே அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தோம் என்றேன். சார்வாள் நடுவில் புகுந்து சமாதானம் சொல்லாமல், இரண்டு பேரையும் பேசவிட்டார். நல்ல ஆசிரியருக்கே அந்தப் பொறுமை வரும். கடைசியில் பெரியவர் நீண்ட நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் சொல்வதை என் பேத்தியும் சொல்கிறாள்" என்றார்.

திரும்பும் வழியில் தம்பி மகன் ஒரு கேள்வி கேட்டான், "அத்தை, இப்போது ஒரு இந்து இங்கிலாந்து ராஜாவாக முடியுமா?" எனக்குத் தெரியவில்லை, சார்வாளைக் கேட்கச் சொன்னேன். முடியாது என்றார். 1701-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரியணைக்கு வருபவர் இங்கிலாந்துத் திருச்சபையோடு ஐக்கியத்தில் இருக்க வேண்டும், கத்தோலிக்கர் வரவே முடியாது. கத்தோலிக்கரை மணந்தாலே உரிமை போய்விடும் என்று இருந்ததை மட்டும் 2013-இல் திருத்தினார்கள். பிரதமராக யார் வேண்டுமானாலும் வரலாம். 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூட்டு ஆராதனையில் கொலோசெயர் நிருபத்தை வாசித்தவர், அப்போது பிரதமராக இருந்த இந்துவான ரிஷி சுனக். ஆனால் அந்த நாடு முழுக்கவும் ஒரே நிலை இல்லை. ஸ்காட்லாந்துச் சபைக்கு ராஜா தலைவர் அல்லர், அதைக் காப்பேன் என்று சத்தியம் மட்டும் செய்கிறார். அயர்லாந்தில் 1871-லும் வேல்ஸில் 1920-லும் அரசுச் சபை என்ற தகுதியே நீங்கிவிட்டது. ராஜாவின் சொந்தத் தீவிலேயே அவரைப் பற்றி இத்தனை எண்ணங்கள் என்றால், நம் ஊரில் உபதேசியாரும் வாஞ்சியும் ஒரே காலத்தில் இருந்ததில் வியப்பென்ன?

இனிக் குறைகள். கல்லறை அவசரத்தை மேலே சொல்லிவிட்டேன். வேனில் உள்ள மைக் கரகரக்கிறது, பின் இருக்கையில் பாதி கேட்கவில்லை. கையில் கொடுக்கும் அச்சிட்ட தாளில் ஒரு பிழை இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாகும்வரை நம் சபை இங்கிலாந்து ராஜாவின் சபையாகவே இருந்தது என்று போட்டிருக்கிறார். அப்படியல்ல. 1927-இல் பிரிட்டிஷ் பார்லிமென்டு நிறைவேற்றிய சட்டத்தால் இந்தியச் சபை தனியாகப் பிரிந்தது, 1930-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதாவது, நாடு விடுதலை பெறுவதற்கு 17 வருடம் முன்பே சபை சட்டப்படி விடுதலை பெற்றுவிட்டது. ராஜாவோ 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் ராஜாவாக நீடித்தார். ஆக, ராஜாவை முதலில் விட்டது சபைதான். என் மாமனார் சபைக் கமிட்டியில் இருந்தவர், வீட்டில் இந்தப் பேச்சு அடிபடும், அதனால் எனக்குத் தெரியும். சொன்னதும் சார்வாள் பேனாவை வாங்கித் தாளிலேயே திருத்திக்கொண்டார். அடுத்த அச்சில் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெரிய குறை, கடற்கரை இல்லாதது. மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் 1530-களிலேயே ஞானஸ்நானம் பெற்ற பரதவர்களுக்கு ராஜா என்றால் நெடுங்காலம் போர்ச்சுக்கல் ராஜாதான். சபைக்குத் தலைவர் போப், லண்டனில் யார் முடிசூடினாலும் அவர்கள் பூசையில் மாற்றமில்லை. அதேபோல, முதல் உலகப் போருக்குப் பிறகு கிலாபத் காலத்தில், துருக்கிக் கலீபாவை வீழ்த்திய ராஜாவை எப்படி மதிப்பது என்ற கேள்வி காயல்பட்டினத்திலும் மேலப்பாளையத்திலும் எழாமல் இருந்திருக்குமா? திருநெல்வேலி பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப், காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பையே விட்டவர். அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இந்தப் பயணத்தில் இல்லை. மதத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டு கத்தோலிக்கரையும் முஸ்லிம்களையும் விட்டால் சித்திரம் பாதிதான். இதைச் சார்வாளிடம் நேரிலேயே சொன்னேன். தெற்குச் சுற்று ஒன்று யோசனையில் இருப்பதாகச் சொன்னார். இடையன்குடியில் கால்டுவெல் கோவில், மணப்பாடு, காயல்பட்டினம், வெள்ளாளன்விளை என்று போகலாம் என்றார். தொடங்கினால் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். குடையும் தொப்பியும் கட்டாயம், பாஞ்சாலங்குறிச்சியில் நிழல் கிடையாது. கல்லறைகளுக்கு முள்காட்டு வழியாக நடக்க வேண்டும், செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த இடத்தில் வேனிலேயே இருந்துவிடலாம், டிரைவர் துணையிருப்பார். பெண்களுக்குக் கழிப்பறை வசதி கயத்தாறிலும் எட்டயபுரத்திலும்தான் ஒழுங்காக இருக்கிறது. முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், மைக் சரியாகும்வரை அதுதான் வழி. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், சின்னப் பிள்ளைகள் வெயிலில் சோர்ந்துவிடுவார்கள். ஜெபப்புத்தகத்தைக் கையில் வாங்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு வாங்குங்கள்.